சுமந்தவர்களின் பெயர்கள்



இவ்வாரத் தியானத்திற்கான வேதபகுதிகள்: மாற்கு 2:1-12, நெகேமியா 3-ஆம் அதிகாரம்.

எருசலேம் ஒரு மலைநகரம். அங்கே பண்டிகைக்குச் செல்கிறவர்கள் எத்திசையிலிருந்து புறப்பட்டாலும் ஏறியே ஆகவேண்டும். சங்கீதப் புத்தகத்தில் 120 முதல் 134 வரையுள்ள பதினைந்து சங்கீதங்களும் ஆரோகண சங்கீதங்கள் என்று தலைப்பிடப்பட்டிருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஆரோகணம் என்றால் ஏறுதல். பர்வதங்கள் எருசலேமைச் சூழ்ந்திருப்பதுபோலக் கர்த்தர் தம் ஜனத்தைச் சூழ்ந்திருக்கிறார் என்பது அவற்றுள் ஒன்றின் செய்தி. குச்சனூரில் வாழும் நமக்கு அதை விளக்கவேண்டிய அவசியமில்லை. ஒருபுறம் மேகமலையும் மறுபுறம் ஏலமலையும் நிற்க, நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் நாம் உழுது விதைக்கிறோம். காலையில் கதவைத் திறந்தால் மலைதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஆயினும், மலையைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவர்கள் எல்லாரும் மலையேறிப் பார்த்தவர்கள் அல்லர். நம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இவ்வாண்டு ஒருநாள் பயணமாகக் கொடைக்கானல் செல்ல விரும்பியபோது, பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் என்று அறிந்தேன். உலகத்தின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் தேடிவருகிற நகரம் அது. நமக்கோ காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பக்கூடிய தொலைவு. அந்தப் பயணத்தில் கேட்ட ஒரு கேள்வி இந்நாள்வரை என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இத்தியானத்தின் நோக்கம்.

இ-பாஸ் பெற்று, இரண்டு வேன்களில் தேனி, பெரியகுளம், தேவதானப்பட்டி வழியாகச் சென்றோம். காட்ரோட்டில் மலைப்பாதை தொடங்குகிறது. டம்டம் பாறையருகே நிறுத்தி, எதிர்மலையில் வெள்ளிக் கம்பிபோல் இறங்கும் தலையாற்று அருவியையும், கீழே மஞ்சளாறு அணையையும் கண்டோம். பிறகு பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர் என்று ஏறி, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கும் நகரத்தை அடைந்தோம். போகும் வழியில் வேனுக்குள் நான் சொல்லிய சரித்திரத்தை, வர இயலாத உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறேன்.

பழங்காலத்து மலைநகரங்கள் பெரும்பாலும் பகைவருக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை. இத்தாலி தேசத்திலுள்ள அசிசி போன்ற நகரங்கள் மதில்சூழ மலைச்சரிவில் அமர்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொடைக்கானல் நகரம் உருவானதோ நோய்க்கு அஞ்சி. 1821-ஆம் ஆண்டில் வார்டு என்ற ஆங்கிலேய நில அளவையாளர் பழனி மலைகளை அளந்தார். 1834-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷனெரிகள் மதுரைக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கினர். மதுரைச் சீமையின் வெயிலையும் வாந்திபேதியையும் காய்ச்சலையும் அவர்கள் உடல் தாங்கவில்லை. தாங்களும் தங்கள் குழந்தைகளும் ஒருவர்பின் ஒருவராக மரணத்துக்குள்ளாவதைக் கண்டு, குளிர்ந்த இடம் ஒன்றைத் தேடினார்கள். முதலில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தார்கள்; அங்கும் காய்ச்சல் அவர்களை விடவில்லை. முடிவில் 1845-ஆம் ஆண்டு கொடைக்கானலில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அதுவே இன்றைய நகரத்தின் தொடக்கம்.

1863-ஆம் ஆண்டு மதுரை ஆட்சியராயிருந்த வீர் ஹென்றி லெவிஞ்சு ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1872-ஆம் ஆண்டு கோக்கர் என்ற படை அதிகாரி மலைவிளிம்பில் நடைபாதை அமைத்தார். 1899-ஆம் ஆண்டு சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அங்கிருந்துதான் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் நிகழும் வாயுக்களின் ஓட்டத்தைக் கண்டறிந்தார். 1901-ஆம் ஆண்டு மிஷனெரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளர்க் என்ற பள்ளி திறக்கப்பட்டது. அது இன்று கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக விளங்குகிறது.

இப்பெயர்களும் ஆண்டுகளும் எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்கும். ஆனால் வேனின் சன்னலோரம் அமர்ந்து வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்த நம் சங்கத்தாரிடம் நான் வேறொன்றையும் சொன்னேன். நாம் ஏறிய இச்சாலையில் மோட்டார் வண்டிகள் ஓடத் தொடங்கியது முதல் உலகப்போரின் ஆண்டுகளில்தான். அதற்கு முந்திய எழுபது ஆண்டுகளாக மலைக்குச் சென்றவர்கள் எப்படிச் சென்றார்கள்? 1875-இல் ரயில்பாதை வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து, பெரியகுளத்துக்கு அருகே மலையடிவாரத்திலுள்ள கிருஷ்ணம நாயக்கன் தோப்பை அடைவார்கள். அங்கிருந்து பத்து மைலுக்கு மேலான செங்குத்துப் பாதை. திடமானவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் சென்றார்கள். பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் டோலியில் ஏறினார்கள். கம்புகளில் கட்டிய நாற்காலியிலும் அமர்ந்து சென்றார்கள். அவர்களைத் தோளில் சுமந்தவர்கள் நம்மைப் போன்ற அடிவாரத்துக் கிராமத்து மனிதர்கள்.

ஆட்கள் மாத்திரமா? கட்டில், பெட்டி, கண்ணாடிச் சன்னல், சமையல் பாத்திரம் யாவும் அப்பாதையில்தான் ஏறின. ஏரியில் விடுவதற்கு முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து லெவிஞ்சு வரவழைத்தார் என்பார்கள். சாலையில்லாத அந்நாளில் அப்படகு எத்தனை தோள்களில் மாறிமாறி ஏறியிருக்கவேண்டும்! சூரியனை ஆராய்ந்த தொலைநோக்கிகளும் அச்சாலைக்கு முந்தியே மேலே சென்றவை. வெள்ளைக்காரர்கள் அப்பாதைக்கு வைத்த பெயர் கூலி காட். நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியம். அவர்கள் அச்சொல்லை உழைத்த ஆளுக்கே பெயராக இட்டார்கள். ஆளுடைய சொந்தப் பெயர் அதற்குள் மறைந்துபோயிற்று.

நகரத்தைச் சுற்றிப் பார்த்தபின், மிஷனெரிகள் முதலில் ஆலயமும் கல்லறைத் தோட்டமும் அமைத்த நெபோ மலைச்சரிவுக்கு அனைவரையும் அழைத்துச் சென்றேன். மரங்களின் கீழே பாசிபடிந்த கற்கள். சில கற்கள் மிகச் சிறியவை; அவை பிள்ளைகளின் கல்லறைகள். அவற்றின் முன்னே நம் தாய்மார் சற்றுநேரம் பேசாமல் நின்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்துக்குத் தேசமும் நிறமும் இல்லை. தங்கள் ஊரையும் உறவையும் விட்டுவந்து, பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நமக்குக் கொடுத்து, தங்கள் குழந்தைகளை இம்மண்ணில் விதைத்துச் சென்றவர்களுக்காகக் கர்த்தரைத் துதித்து ஜெபித்தோம்.

ஜெபம் முடிந்ததும் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என் அருகே வந்தார். நாற்பது ஆண்டுகளாகத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்தவர். பந்தலின் கீழே குனிந்து பழம் வெட்டி, நிரம்பிய பெட்டியைத் தலையில் சுமந்து லாரிவரை கொண்டுசேர்த்தவர். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாது. அவர் அக்கற்களைக் கைகாட்டி, "ஐயா, இவுகளயெல்லாம் தூக்கியாந்தவுக எங்கிட்டு படுத்திருக்காக? அவுக பேரு எந்தக் கல்லுல இருக்கு?" என்று கேட்டார்.

அக்கேள்வியில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சுமை தூக்கிய ஒருவர், சுமை தூக்கியவர்களைப் பற்றி விசாரித்தார், அவ்வளவுதான். "அவர்கள் பெயர் இங்கே எந்தக் கல்லிலும் இல்லை, அம்மா" என்று பதில் சொன்னேன். அவர் தலையசைத்துக்கொண்டார். திரும்பிவரும்போது அவர் கேள்வியோடு நானும் மலையிறங்கினேன்.

பிரியமானவர்களே, அக்கேள்விக்கு வேதத்தில் மூன்று இடங்களில் வெளிச்சம் காண்கிறேன்.

முதலாவது, அக்கல்லறைத் தோட்டம் இருக்கும் மலையின் பெயரே நமக்கு ஒரு செய்தி. உபாகமம் 34-ஆம் அதிகாரத்தின்படி, மோசே நெபோ மலையில் ஏறி, வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தைக் கண்ணாரக் கண்டு, அதற்குள் பிரவேசிக்காமலே மரித்தான். ஒரு தேசத்தையே நாற்பது வருஷம் வனாந்தரத்தில் சுமந்து நடத்தியவனுக்குக் கல்லறைக் கல் இல்லை. அவன் அடக்கம்பண்ணப்பட்ட இடம் இன்னதென்று ஒருவரும் அறியார் என்கிறது அந்த அதிகாரம். ஆனால் அவனை அடக்கம்பண்ணியவர் கர்த்தர். கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து டோலி சுமந்து, வழியில் எங்கோ விழுந்து, அடையாளமின்றிப் புதைக்கப்பட்ட ஒருவன் இருப்பானேயானால், அவன் மோசேயின் வரிசையில் படுத்திருக்கிறான். அவன் இடத்தைக் கர்த்தர் அறிவார்.

இரண்டாவது, கப்பர்நகூமில் நடந்த சம்பவம். திமிர்வாதக்காரன் ஒருவனை நான்குபேர் சுமந்துவந்தார்கள். ஜனக்கூட்டத்தினால் வாசலை நெருங்க முடியாமல், கூரைமேல் ஏறி, அதைப் பிரித்து, படுக்கையோடு அவனை இறக்கினார்கள். சுமந்தவர்கள் நான்குபேர் என்ற எண்ணிக்கையை மாற்கு மாத்திரம் எழுதுகிறார். பெயர்களை அவரும் எழுதவில்லை. ஆனால் ஆண்டவர் எதைக் கண்டார் என்பதைக் கவனியுங்கள். அவர் கண்டது அவர்களுடைய விசுவாசத்தை என்று சுவிசேஷம் சொல்லுகிறது. படுத்திருந்தவனை மட்டும் பார்த்து அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கூரையின் மேலே வியர்த்து நின்ற அந்த நான்கு முகங்களையும் நிமிர்ந்து பார்த்தார். நோயாளி பெற்ற மன்னிப்பிலும் சுகத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. சுமையை அனைவரும் பார்ப்பார்கள். சுமக்கிறவனைப் பார்ப்பது கிறிஸ்துவின் கண்.

மூன்றாவது பகுதி நெகேமியா 3-ஆம் அதிகாரம். வேதத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவர்கள்கூட இதை வேகமாகப் புரட்டிவிடுவது உண்டு. ஏனெனில் அது முழுவதும் பெயர்ப்பட்டியல். இடிந்துகிடந்த எருசலேம் மதிலை யார் யார், எந்தெந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற விவரம். அதிலே பிரதான ஆசாரியனும் இருக்கிறான்; பொற்கொல்லர்களும், பரிமளத் தைலம் செய்பவனும், வியாபாரிகளும் இருக்கிறார்கள். சல்லூம் என்பவனோடு அவன் குமாரத்திகளும் மதில் கட்டினார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. தெக்கோவா ஊர்ப் பெரியவர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதும் மறைக்கப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. நெகேமியா ராஜாவின் சமுகத்தில் பணிசெய்தவர். மரங்களுக்கு ராஜா கட்டளை கொடுத்திருந்தார். ஆயினும் இந்த அதிகாரத்தில் வரிசைப்படுத்தப்படுபவர்கள் கையினால் வேலை செய்தவர்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற கணக்கு அங்கே இல்லை.

இங்கே ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். "மனிதர் மறந்தாலும் தேவன் அறிவார்" என்று நாம் அடிக்கடி சொல்லுகிறோம். அது சத்தியம், மறக்கப்பட்டவனுக்கு அது மிகுந்த ஆறுதல். ஆனால் மறந்துபோகிற நாம் அதைச் சொல்லும்போது, அது சாக்குப்போக்காகிவிடக்கூடும். தேவன் அறிவார் என்பதனால் நெகேமியா எழுதாமல் விட்டுவிடவில்லை. பிரதான ஆசாரியன் பரிசுத்த ஸ்தலத்திற்குள் செல்லும்போது, இரண்டு கோமேதகக் கற்களில் பன்னிரண்டு கோத்திரங்களின் பெயர்களையும் வெட்டி, தன் இரு தோள்களின்மேல் சுமந்து செல்லவேண்டும் என்று யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் கட்டளையிடப்பட்டிருக்கிறது. அப்பெயர்கள் தேவனுக்குத் தெரியாதவையா? சுமக்கிறவன் நினைவுகூரவேண்டும் என்பதற்காகவும் அல்லவா அவை அவன் தோளில் வைக்கப்பட்டன?

நம் பள்ளத்தாக்கின் நன்றியுணர்வை நான் குறைத்துச் சொல்லேன். 1895-ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுயிக் அவர்களின் பெயரை நம் ஊர்களில் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அது தகுதியான மரியாதை. ஆனால் காட்டுக்குள் காய்ச்சலிலும் வெள்ளத்திலும் விபத்திலும் மாண்டுபோன தொழிலாளர்களில் ஒருவருடைய பெயரையாவது நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக்கூடுமா? நம் வயலுக்கு வருகிற தண்ணீரை அவர்களும் சுமந்துவந்தார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். பழத்தின் பெயர் பதிவாயிற்று. பெட்டி சுமந்த அந்தத் தாயாரின் பெயர் எங்கே பதிவாகும்?

இப்போது நம் சபையின் காரியத்துக்கு வருகிறேன். நம் ஆலயப் புதுப்பிப்புப் பணி தேவகிருபையால் முடியும் தறுவாயில் இருக்கிறது. வாசலருகே சலவைக்கல் ஒன்று பதிக்கவேண்டும் என்றும், பத்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் காணிக்கை கொடுத்தவர்களின் பெயர்களை அதில் பொறிக்கவேண்டும் என்றும் ஆலோசனை வந்துள்ளது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டது அது. கொடுத்தவர்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்ததைக் கொடுத்தார்கள். அவர்களைக் கனப்படுத்தவேண்டியது நம் கடமை.

ஆனால் மேல்தளம் போட்ட சனிக்கிழமையை நினைத்துப்பாருங்கள். தோட்டத்து வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, காலை ஆறு மணிக்கே வந்து நின்றவர்கள் எத்தனைபேர்? கைமாற்றிக் கைமாற்றிச் சாந்துச் சட்டியை மேலே ஏற்றியவர்கள், குடத்தில் தண்ணீர் சுமந்து புதுத்தளத்துக்கு ஊற்றியவர்கள், எல்லாருக்கும் சோறாக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிட்டவர்கள் யார்? ஒருநாள் கூலியைப் பத்தாயிரத்தோடு வைத்துப் பார்த்தால் சிறிது. காணிக்கைப் பெட்டியண்டையில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கணக்கை ஆண்டவர் எப்படிப் போட்டார் என்பதை நாம் அறிவோம்.

சிலர் என்னிடம், "மத்தேயு 6-ஆம் அதிகாரத்தின்படி வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாதே, பெயரே வேண்டாமே" என்றார்கள். அதுவும் வேதத்துக்கு ஒத்த வழி. வேறு சிலர், "கொடுத்தவர்கள் மனம் வருந்துவார்களே" என்றார்கள். அதையும் நான் அலட்சியம்பண்ணவில்லை. என் மனதில் தோன்றுகிறதைச் சொல்லுகிறேன்: தொகை எதையும் குறிப்பிடாமல், பணத்தால் கொடுத்தவர்கள், கையால் கொடுத்தவர்கள் யாவருடைய பெயர்களையும் அகரவரிசையில் ஒரே அளவு எழுத்தில் பொறிக்கலாம். அன்றேல் கல்லே வைக்காமல் விடலாம். சுமந்தவர்களை விட்டுவிட்டுக் கொடுத்தவர்களை மட்டும் எழுதுகிற கல் நம் ஆலய வாசலில் நிற்பது தகாது என்பது என் தாழ்மையான கருத்து.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக்கூட்டம் கூடுகிறது. முடிவெடுக்கவேண்டியவர்கள் நீங்கள். அன்று சனிக்கிழமை வேலையில் உங்கள் பக்கத்தில் நின்றவர்களின் பெயர்களை நினைவுகூர்ந்து, எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாலிபர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் எழுதித் தருவார்கள். கல் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அப்பட்டியலைச் சபைப் பதிவேட்டில் சேர்த்து, பிரதிஷ்டை ஆராதனையில் ஒவ்வொரு பெயராக நான் வாசிப்பேன். இதற்குச் சபையின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கிடையில், இவ்வாரத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். நீங்கள் இன்று இருக்கும் உயரத்துக்கு உங்களைச் சுமந்து வந்தவர்கள் யார் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். பள்ளிக்கட்டணத்துக்காகத் தாலிச்சரட்டு நகையை அடகுவைத்த தாய், தம்பிகளைப் படிக்கவைக்கத் தன் படிப்பை நிறுத்திய அக்காள், படுக்கையிலிருந்த பாட்டியை மூன்றாண்டு தூக்கித் தூக்கிக் கிடத்திய மருமகள் ஆகியோரின் பெயர்களைப் பிள்ளைகள் கேட்கட்டும். உயிரோடிருப்பவர்களானால், நேரில் போய்ப் பெயர் சொல்லி நன்றி கூறுங்கள். மரித்தவர்களானால், குடும்ப ஜெபத்தில் அவர்கள் பெயரைச் சொல்லித் தேவனைத் துதியுங்கள்.

ஏசாயா 46-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொல்லுவது என்ன? தாயின் வயிறு தொடங்கி நரைவயது வரைக்கும் தம் ஜனத்தைத் தாமே தாங்கிச் சுமப்பதாகச் சொல்லுகிறார். காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் தன் தோள்களின்மேல் போட்டுக்கொண்டு வருவதாக நம் ஆண்டவர் உவமை சொன்னார். சுமக்கிற வேலையைத் தேவனே தம்முடைய வேலையாக ஏற்றுக்கொண்டார் என்றால், அந்த வேலையைச் செய்கிற எவரும் நம் நடுவில் பெயரற்றவராக இருக்கலாகாது.

ஜெபிப்போம்.

எங்களைத் தோளில் சுமக்கிற பிதாவே, நாங்கள் ஏறிவந்த பாதைகளில் எங்களைத் தாங்கிய கைகளுக்காக உம்மைத் துதிக்கிறோம். கல்லில் எழுதப்படாதவர்களை உம்முடைய ஜீவபுத்தகத்தில் நீர் எழுதியிருப்பதற்காக ஸ்தோத்திரம். எங்கள் அருகில் நின்று சுமக்கிறவர்களைக் காணும் கண்களையும், அவர்கள் பெயரைச் சொல்லும் நாவையும் எங்களுக்குத் தாரும். எங்கள் சபைக்கூட்டத்தில் நீரே தலைமைதாங்கி, எல்லாருக்கும் ஒருமனதைத் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், பிதாவே. ஆமென்.